நாளுக்கு நாலு விரல்

வைகாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிரம் மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் டில்லிபாபு ஒரு அறிவிப்பு செய்தார்.

"புது வூட்ட நானே டிசைன் பண்ணப் போறேன்."

ரசம் ஊற்ற எடுத்த கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"இன்னாசி மேஸ்திரிகிட்டயே விட்டுடலாம்னு சொன்னீங்களே."

"அவுருக்கு இன்னா தெரியும்? துறைமுகத்துல நாப்பதடி கன்டெய்னர் பொட்டிய ஒரு இஞ்ச் பிசகாம லாரி மேல எறக்குறவன் நானு. இந்தக் கண்ணு கீதே, இது கண்ணு இல்ல ராஜாத்தி. டேப்பு."

அந்த டேப்புக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லாதது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

திருவொற்றியூரில் கடற்கரை ரோட்டுக்கு இந்தப்பக்கம் ரெண்டாவது தெருவில் எங்களுக்கு அரை கிரவுண்டு மனை. அதில் என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு. கிழக்கே பார்த்த வாசல். வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல். ராயபுரத்துப் பழைய மரக்கடையில், உடைத்த கப்பலில் இருந்து வந்த தேக்குப் பலகையை வாங்கி, மாமனார் நின்று செய்வித்த ஜன்னல். எங்கள் தெருவில் இரும்பு என்று எதை வைத்தாலும் கடல் காற்று மூணு வருஷத்தில் அப்பளமாக்கிவிடும். அந்த ஜன்னலை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து கல்யாணமாகி வந்தவள் நான். முதல் வாரம் அலைச் சத்தத்தில் தூக்கமே இல்லை. பக்கத்தில் யாரோ விடாமல் நெல் புடைக்கிற மாதிரியே இருக்கும். ஒரு மாசம் கழித்து ஊருக்குப் போனால், அந்தச் சத்தம் இல்லாமல் அங்கே தூக்கம் வரவில்லை. அம்மா சிரித்தாள்.

இவர் ஷிப்டு முடிந்து வரும்போது தெருமுனையில் மூணு தடவை ஹாரன் அடிப்பார். நான் ஜன்னலுக்கு வருவேன். ஏதோ தற்செயலாக வந்து நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அவரும் ஏதோ தற்செயலாக ஹாரன் அடித்த மாதிரி வருவார். மூத்தவள் மோகனப்ரியா பிறந்ததும் தூளியை அந்த ஜன்னலுக்கு நேரே கட்டினோம். மூணு மணிக்குக் கடல் காற்று எழும்பும். ஜன்னலில் நுழைந்து, தூளியை ரெண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விடும். நான் பாட்டுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன். சம்பளம் கேட்காத ஆயா அது.

ஆனாலும் ஓடு ஒழுகியது. கைமரம் உளுத்து மாவாகக் கொட்டியது. சின்னவன் பிறந்த மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏழு இடத்தில் பாத்திரம் வைத்தோம். இடித்துத்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பெல்லாம் அவர் போட்ட பிளானில்தான். போனில் ராத்திரி பகலாக மாடர்ன் வீட்டு வீடியோ பார்த்து, பத்தே நாளில் ஒரு பேப்பரில் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து விரித்தார். ஒரே தளம். மாடி கிடையாது. அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம், கைக்குழந்தையோடு படி ஏற வேண்டாம்.

"என்னங்க, முன்னாடி சுவரையே காணோம்?"

"கண்ணாடி. முழுசா கண்ணாடி."

"திறக்கலாமா?"

"கண்ணாடிய யாரு தெறப்பாங்க? ஏசி காத்து வெளிய பூடும்."

"காலையில வெயில் நேரா உள்ள வருமே."

"ஸ்கிரீன் போட்டு மூடிக்கலாம்."

"மூடத்தான் போறோம்னா கண்ணாடி எதுக்கு?"

அவர் பேப்பரின் வேறு பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனார். "இத்தப் பாரு. கார் நிறுத்த எடம்."

"நம்மகிட்ட கார் இல்லையே."

"எடம் இருந்தாத்தான் காரு வரும்."

"நடுவுல இந்தக் குறுக்குச் சுவர்?"

"டிவி சுவரு. டிவி மாட்டி, சுத்தி லைட்டு எரியும், ஜோரா."

"வாசலுக்கும் பின்வாசலுக்கும் நட்ட நடுவுல நிக்குதே. காத்து எந்த வழியா போகும்?"

"காத்து இன்னாத்துக்குப் போவணும்? அதான் ஏசி கீதே."

"அடுப்பங்கரைக்கும் சுவர் இல்ல."

"ஓப்பன் கிச்சன்."

"நெத்திலி வறுத்தா உங்க டிவி வரைக்கும் நாறும்."

"இன்னா ராஜாத்தி நீ, நெத்திலியிலயே நிக்கிற." அவர் முகம் திடீரென்று கோயில் விளக்கு மாதிரி பிரகாசமானது. "இந்த மூலையில பாரு. எட்டுக்கு எட்டு. அது என் ஆபீஸ் ரூமு."

"கிரேன் ஓட்டுறதுக்கு ஆபீஸ் ரூமா?"

"யோசனை பண்றதுக்கு. மொத்த வூடும் கருப்பு பெயின்ட். பொட்டி மாதிரி நச்சுன்னு நிக்கும்."

"பகல் முழுக்கப் பெட்டிய இறக்கிட்டு, சாயங்காலம் பெட்டிக்குள்ளயே வந்து படுக்கணுமா?"

நான் கடைசியாகக் கேட்டேன். "அந்தப் பழைய ஜன்னல்?"

"பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாம். கண்ணாடி வூட்ல மர ஜன்னல் கலீஜா இருக்கும்."

அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கருப்புப் பெயின்ட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஆனி மாசம் வீட்டை இடித்தார்கள். எதிர்வீட்டு வியாகுலம்மாள் அக்காவின் பின்பக்க அறைக்குக் குடிபோனோம். காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவர். காதில் கம்மலும் நாக்கில் கத்தியும் எப்போதும் இருக்கும். அறை நல்ல அறைதான். ஆனால் அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். கை நீட்டினால் சுவர். சின்னவனுக்கு எட்டு மாசம். உடம்பு முழுக்க வேர்க்குரு. மத்தியானம் தூளியில் போட்டால் பத்து நிமிஷத்தில் அழுகை. காற்று வராத வீடு எப்படி இருக்கும் என்று தினமும் ரெண்டு மணி நேரம் அழுது காட்டினான். இவர் அந்த நேரத்தில் துறைமுக யார்டில் இருப்பார்.

மர ஜன்னலை இவர் கண்ணில் படாமல் அக்காவின் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாய்த்து, சாக்குப் போட்டு மூடினேன்.

ஆனி முடிய ஒரே நாள் இருக்கும்போது இவருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. ஆடி பிறந்தால் வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது. உடனே இன்னாசி மேஸ்திரியைக் கூப்பிட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் மனையில் முழு வீட்டையும் கோடு போட வைத்தார். கோடு போட்டுவிட்டால் ஆனியிலேயே ஆரம்பித்த கணக்காம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது ஆவணியில்.

"எனக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல," என்றார் மேஸ்திரி. "ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசைக்குப் போவணும், அவ்ளோதான். நாளைக்கே தோண்டட்டா?"

"வூடுதான் மேஸ்திரி மாடர்ன். ஆடியில வேணாம்," என்றார் இவர்.

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது. மூணாம் நாளே பாதி கோடு காணோம். மேஸ்திரி அடித்த முளைக்குச்சிகளைத் தெருப்பசங்கள் கிரிக்கெட் ஸ்டம்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மனை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ராஜாத்தி, நீதான் நல்லா கோலம் போடுவியே. தெனம் காலையில இந்தக் கோடெல்லாம் அழியாம கோலமாவு போட்டு வை. ஆவணி வரைக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் என் மனசில் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு போனேன். வீட்டை இடித்தாலும் பழைய சிவப்புத் தரை அப்படியே கிடந்தது. தரைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கட்டில் கால் பதிந்த நாலு குழி. பீரோ நின்ற சதுரம் மட்டும் புதுச் சிவப்பு. மோகனப்ரியா தவழ்ந்து தவழ்ந்து வழவழப்பாக்கிய ஒரு பாதை. ஜன்னலுக்குக் கீழே, நான் நின்று நின்று தேய்ந்த ரெண்டு பாத அகலம். அதன் மேலேயே நின்று பார்த்தேன். கடல் தெரியவில்லை, நாலு மாடி வீடு ஒன்று முன்னால் வந்துவிட்டது. அலை மட்டும் கேட்டது. கப்பல் ஒன்று தூரத்தில் ஊதியது.

டிவி சுவரின் கோடு அந்த இடத்துக்குப் பின்னால் குறுக்கே போனது. குனிந்து மாவை எடுத்தேன். பழைய கோட்டின் மேல் போடவேண்டிய கை, நாலு விரல் தள்ளிப் போட்டது.

சாயங்காலம் இவர் வந்து பார்த்தார்.

"நேரா போட்டுகிற. பரவால்ல," என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நாளுக்கு நாலு விரல்.

டிவி சுவர் வடக்குப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அடுப்பங்கரைக்குத் தெரியாத்தனமாக ஒரு கோடு முளைத்தது, முதலில் ஒரு முழம், அப்புறம் ரெண்டு முழம். கார் நிறுத்துகிற இடம் ஒரு வாரத்தில் ஆட்டோ நிறுத்துகிற இடமானது. ஆடிப் பதினெட்டுக்குள் பைக் நிறுத்துகிற இடமானது. கண்ணாடி இருந்த கிழக்குப் பக்கம் ரெண்டு முனையில் இருந்தும் சுவர் வளர்ந்து வந்து, தேய்ந்த பாதத்துக்கு நேரே ஜன்னல் அகலம் மட்டும் விட்டு நின்றது.

அவர் அளந்து பார்க்காமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு டேப் ஏழாவது அடியில் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இழுத்தால் கையில் பொடியாக வரும். அதனால் கண்ணாலேயே அளந்தார். சாயங்காலம் தோறும் தெருவில் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கோட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"இது ஹாலு. செருப்பைக் கழட்டிட்டு வா."

"மண்ணுல இன்னாத்துக்குப்பா செருப்பைக் கழட்றது?"

"ஹாலுன்னு சொல்றேன்ல."

மோகனப்ரியா வாசல்படியில் காவல். யாராவது கோட்டைத் தாண்டி வந்தால், "சுவத்துல வராதீங்க, வாசல்ல வாங்க," என்று திருப்பி அனுப்புவாள். அவளுக்கும் தினமும் வாசல் மாறிக்கொண்டிருந்தது. குழந்தைதானே, சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள்.

ரெண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணு மணி. வியாகுலம்மாள் அக்கா வாசலில் இருந்து கூப்பிட்டார்.

"ராஜாத்தி, இங்க வந்து பாரு. உன் புருசன் சுவத்துல தலைய வெச்சித் தூங்கிகினு கீறான்."

போய்ப் பார்த்தேன். பாய் போட்டு, பழைய தரையில், ஜன்னல் இருந்த இடத்துக்கு நேரே படுத்திருந்தார். டிவி சுவரின் கோடு சரியாக அவர் கழுத்துக்குக் கீழே ஓடியது. பக்கத்தில் சின்னவன், கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, வேர்க்குரு எல்லாம் மறந்து நல்ல தூக்கம். யாரும் சொல்லாமல் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் படுத்திருக்கிறார்.

"இங்க வந்து ஏங்க படுத்தீங்க?"

கண்ணைத் திறக்கவில்லை. "காத்து வருதுடி," என்றார்.

மறுநாள் மட்டும் ஒரு சாணே நகர்த்தினேன்.

ஆடி கடைசியில் இன்னாசி மேஸ்திரி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். கையில் பேப்பர். மனையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார்.

"இன்னாம்மா இது, கோடு நடந்துகினு கீது?"

"காத்துங்க மேஸ்திரி."

"எந்தக் காத்துக்கும்மா அடுப்பங்கரைக்கு சுவரு வெக்கத் தெரியும்?"

நான் பின்வாசல் கோட்டில் போய் நின்றுகொண்டேன். அவர் முன்வாசல் கோட்டில் நின்றார். மணி மூணு இருக்கும். கடல் காற்று அவரைத் தாண்டி வந்து என் முந்தானையைத் தூக்கியது. மேஸ்திரி பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மாமனாரு வூட்டுக்கும் நான்தான் சித்தாளா கல்லு தூக்கினேன்," என்றார். "இந்த எடத்துலதான் கஞ்சி குடிப்போம். இதே காத்து."

"பேப்பர்?"

"பேப்பரைப் படிக்க எனக்குக் கண்ணாடி போடணும். கண்ணாடி வூட்டுல வெச்சிட்டேன். ஆவணி முழுக்க மறந்துடுவேன். கோடு எங்க கீதோ அங்க தோண்டுவேன், அவ்ளோதான். வெயிலுக்கு ரெண்டடி சன்ஷேடு இழுத்துடறேன். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிச்சிடலாம்." போகும்போது திரும்பினார். "நெத்திலி வறுத்தியாமே போன வாரம். தெருவுல பேசிகினாங்க."

மறுநாள் ஒரு தூக்குவாளி நெத்திலி அவர் வீட்டுக்குப் போனது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூசை போட்டு வானம் தோண்டினார்கள். இவர் தேங்காய் உடைத்தார். சுவர் இடுப்பளவு எழும்பியதும் ஒரு நாள் புருவத்தைச் சுருக்கினார்.

"மேஸ்திரி, ரூமெல்லாம் சின்னதா தெரியிதே."

"செங்கல்லா கீறப்போ அப்டித்தான் நைனா தெரியும். பூசினா பெருசாவும்."

பூசினார்கள். "இன்னும் சின்னதாத்தான் கீது மேஸ்திரி."

"பெயின்ட் அடிச்சா பெருசாவும்."

பெயின்ட் வரும்போது வெள்ளைதான் வந்தது. கருப்பு அடித்தால் கடல் உப்பு பூத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அது உண்மையா என்று நான் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மேஸ்திரி, அந்த மூலை ரூமு..."

"சாமான் வெச்சா பெருசாவும், போய்யா."

கிழக்குச் சுவரில் ஜன்னலுக்கு விட்ட இடம் வெறுமனே இருந்தது. கண்ணாடி அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்று ரெண்டு வாரம் ஓட்டினோம். ஒரு சாயங்காலம் வியாகுலம்மாள் அக்கா தன் வாசலில் இருந்து சத்தம் போட்டார்.

"டேய் டில்லி, கோழிக்கூண்டுக்குப் பின்னாடி உங்கப்பன் ஜன்னலு ஒண்ணு கெடக்குது. கோழி அதுல முட்டை வெச்சிகினு கீது. எடுத்துகினு போ."

இவர் போய்ச் சாக்கை விலக்கினார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது தலையில் ஜன்னலைச் சுமந்துகொண்டு வந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. கோழிக் குப்பை பட்டதாம்.

இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

"பாத்தியா," என்றார் என்னிடம். "என் டிசைன் எப்டி உக்காந்துச்சு பாத்தியா. நான்தான் சொன்னேனே, கண்ணு இல்ல, டேப்பு."

"ஆமாங்க," என்றேன்.

தை மாசம் கிரகப்பிரவேசம். தெருவே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பின்வாசலைப் பார்த்துவிட்டு, "இன்னா காத்துப்பா," என்றார்கள். இவர் கைகட்டி நின்று ஒவ்வொருத்தருக்கும் விளக்கினார். "காத்து கெழக்கால வந்து மேற்கால போவணும். குறுக்க சுவரு வெக்கக் கூடாது. அதான் டிசைன்." அக்கா என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

சாப்பாடு ஆனதும் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள்; இவரும் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். ஜன்னலுக்கு நேரே தூளி கட்டி, சின்னவனைப் போட்டேன். மூணு மணிக்கு அது தானாக ரெண்டு ஆட்டு ஆடியது. பழைய ஆயா வேலைக்குத் திரும்பி வந்துவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டைக்கூட எடுத்து வைக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் மூணு தடவை ஹாரன் கேட்டது. தற்செயலாக ஜன்னலுக்குப் போனேன்.

இவரும், யார்டில் கூட வேலை செய்கிற கமாலுதீன் அண்ணனும் பைக்கில் வந்தார்கள். நடுவில் ஒரு சுழல் நாற்காலி. கருப்பு நிறம், சாய்மானம் ஆள் உயரம். தனக்குத்தானே பரிசாக வண்ணாரப்பேட்டையில் இருந்து வாங்கி வந்திருந்தார்.

"நம்ம ஆபீஸ் ரூமுக்கு," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "கமாலு, உன் வூட்டுக்கும் இதே மாதிரி டிசைன் பண்ணித் தரேன். உள்ள வா, உக்காந்து பேசலாம்."

"பண்ணிக் குடு மாமு. அதுக்குத்தான வந்தேன்."

ரெண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூலை அறைக் கதவைத் தள்ளினார்கள். கதவு பாதி திறந்து அரிசி டிரம்மில் இடித்து நின்றது. உள்ளே மூணு பக்கமும் அலமாரி. புளிப் பானை, ஊறுகாய் ஜாடி, கருவாட்டு டப்பா, காலி கோலமாவு டப்பா. நடுவில் ஒரு ஆள் நின்று திரும்பலாம். நாற்காலி திரும்ப முடியாது.

கமாலுதீன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "மாமு, இங்க உக்காந்தா யோசனை பண்ண முடியாது. புளி கரைக்கலாம்."

இவர் பிளாஸ்டிக் உறை போட்ட பேப்பரை எடுத்தார். நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார், அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தார், வாசலில் காருக்கு விட்ட இடத்தில் சாய்ந்து நிற்கிற தன் பைக்கைப் பார்த்தார். கடைசியாக அந்தக் கோலமாவு டப்பாவைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ராஜாத்தி," என்றார், மெதுவாக. "எட்டுக்கு எட்டு என் ஆபீஸ் ரூமு எங்கடி?"

தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொன்னேன்.

"அதுவாங்க? ஆடிக் காத்துல போயிடுச்சுங்க."